ஜன்னலோரக் கட்டிலும் ரெண்டு பக்கம் ஓடும் பம்பும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மகள், தங்கள் மகன் மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் மார்பில் போட்டிருக்கும் தையல்களும், தங்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் தங்கள் மூத்த மகளும் அதேபோல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆபரேஷன் ஆகி இன்றோடு இருபத்து நாலு நாள் ஆகிறது. தங்களுக்கு அதிர்ச்சி தரும்படி எதையும் எழுதக் கூடாது என்று என் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆகையால் அதிர்ச்சி தரும் விஷயங்களை ஒரேயடியாகக் கொட்டாமல், நடுநடுவே மூச்சு வாங்க இடம் விட்டு எழுதுகிறேன். தாங்களும் உட்கார்ந்துகொண்டே படிக்கவும்.

இனிமேல் மூன்றாவது மாடி ஏற முடியாது, மூத்த மகளின் கீழ்த்தள வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்று இருப்பதாகத் தாங்கள் ஃபோனில் சொன்னதாக மாப்பிள்ளை சொன்னார். மிக நல்ல முடிவு. இங்கே படிக்கட்டு மொத்தம் ஐம்பத்து நாலு. சும்மா எண்ணிப் பார்த்தேன். லிஃப்ட் வழக்கம்போல் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நிற்கிறது. நாம் இருவரும் பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நாலு வருஷமாக, ஒரே அறையில் நடுவில் ஓர் அலமாரியைத் தடுப்பாக நிறுத்திக்கொண்டு காலம் தள்ளினோமே, அந்த அறை இப்போது எவ்வளவு விசாலமாக இருக்கிறது தெரியுமா? கையை வீசி நடக்கலாம். நடக்கிறேன். அலமாரி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். தங்கள் குறட்டை இல்லாததால் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். தூக்கம்தான் இன்னும் வந்து சேரவில்லை, வந்துவிடும்.

நம் சண்டை தங்களுக்கு மறந்திருக்காது என்றாலும், மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள் என்பதால் ஒரு தரம் ஞாபகப்படுத்துகிறேன். முப்பது வருஷம் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்திய தாங்கள், என் மகள் சமையலுக்கு வாங்கி வைத்த முட்டைகோஸில் ஏழு பச்சைப் புழுக்களைக் கண்டுபிடித்து, அவற்றை அறைக்குக் கொண்டுவந்து, வலை போட்ட பெட்டியில் வைத்து, வீட்டில் இருந்த முட்டைகோஸ் முழுவதையும் அவற்றுக்கே ஊட்டி வளர்த்தீர்கள். ஒரு நாள் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "முதுகு நடுவுல ஒரு கோடு துடிக்குது பாருங்க சம்பந்தி, அதான் இதயம்" என்றீர்கள். பார்த்தேன். துடித்தது. பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் அலை அலையாக ஓடியது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முப்பத்து நாலு வருஷம் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆப்பரேட்டராக இருந்தவன் என்பதால் முறைப்படி கேள்வி கேட்டேன்.

"சரி, தலைப் பக்கம் போய்ச் சேருது. திரும்பி வர்ற லைன் எங்க?"

"லைனே கிடையாது."

"லைன் இல்லாம எப்படி?"

"தலைக்குப் பக்கத்துல கொட்டிடும். உடம்பே ஒரு தொட்டிதான். குடல், சதை எல்லாம் அதுல ஊறிக்கிட்டு கிடக்கும். ரத்தம் தானா பின்னால வந்து, குழாயோட பக்கத்துல இருக்கற ஓட்டை வழியா உள்ள போயிடும்."

எங்கள் இன்ஜினியர் யாராவது இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட் செய்திருப்பார்கள். இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். அந்த ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமப்பதில்லை, காற்றுக்கு விலாவில் தனித் துவாரங்கள் உண்டு என்றீர்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். மீசைக்குத் தனியாக ஒரு குட்டி பம்ப், இறக்கைக்குத் தனியாக ஒரு குட்டி பம்ப் என்றீர்கள். பூஸ்டர் வைத்திருக்கிறார்கள், உயரமான இடங்களுக்கு நாங்களும் வைப்போம் என்று தலையாட்டினேன். ஆனால் சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகள் எதிரில், "இது பட்டாம்பூச்சி ஆனப்புறம் இதே இதயம் கொஞ்ச நேரம் முன்னால ஓடும், அப்புறம் நிக்கும், அப்புறம் பின்னால ஓடும்" என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே பம்ப் ரெண்டு பக்கமும் ஓடுமா? "புளுகு" என்றேன். அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. ஆனால் வந்துவிட்டது. தாங்கள் தட்டில் வைத்த கையை எடுக்காமல், "பூச்சி வெளில வரட்டும், பாப்போம். ஜன்னலோரக் கட்டில் பந்தயம்" என்றீர்கள். நாலு வருஷமாகத் தாங்கள் ஆண்டு அனுபவித்துவரும் அந்தக் கட்டிலைத் தாங்களாகவே பந்தயம் வைத்தது எனக்கு ஆச்சரியம்தான். அன்றோடு நமக்குள் பேச்சுவார்த்தை நின்றது.

பத்தாம் நாள் தாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள். புழுக்கள் ஏழும் அதற்குள் கூடு கட்டியிருந்தன. அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்று என் மகளிடம், "கூட்டுப்புழுவைப் பாத்துக்கணும்னு உங்க அப்பாகிட்ட சொல்லும்மா" என்றீர்கள். இந்தப் பக்கம் நின்று நான், "பாத்துக்கறேன்னு சொல்லும்மா" என்றேன். நடுவில் நின்றவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் சேத்து வயசு நூத்து நாப்பது!" என்றாள். கணக்கு சரிதான்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் வெளியே வந்தார். இதயத்தை நிறுத்திவிட்டு வெளியில் ஒரு பம்ப் வைத்து ஓட்டினோம், பிறகு மறுபடி இதயத்தை ஓட விட்டோம் என்று மாப்பிள்ளையிடம் விளக்கினார். தற்காலிக லைன் போட்டிருக்கிறார்கள், சரியான முறைதான். நான் குறுக்கே புகுந்து, "எவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சீங்க? அந்த பம்ப் நின்னுபோனா இன்னொண்ணு தயாரா இருந்துச்சா?" என்று கேட்டேன். டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்து, "இவரு யாரு?" என்றார். "என் மாமனார் சார். பேஷண்ட்டோட அவருக்குப் பேச்சுவார்த்தை இல்ல" என்றார் மாப்பிள்ளை. அங்கே நாற்காலி இருந்தது, இருந்தாலும் நான் அஞ்சு மணி நேரமும் நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, முழங்கால் வலிக்குக் காரணம் சொல்கிறேன்.

இங்கே சற்று மூச்சு வாங்கிக்கொள்ளவும்.

பெட்டியின் மேல் தாங்கள் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தீர்கள். அதை நான் படிக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத மனிதர் எழுதியதைப் படித்தால் அது பேசியதற்குச் சமம்தானே என்று ஒரு வீம்பு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டிக்குப் பக்கத்திலேயே போவேன். முதல் இரண்டு பூச்சிகள் நான் குளித்துக்கொண்டிருந்தபோதே வெளியே வந்து, காய்ந்து, வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தன. ஜன்னலைத் திறந்தேன், போய்விட்டன. இவ்வளவுதானா, இதற்கா ஒரு சீட்டு என்று நினைத்தேன். மூன்றாவது, மறுநாள் காலை பத்து மணிக்கு, என் கண்ணெதிரில் கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. வலையைப் பிடித்து ஏறித் தொங்கியது. இறக்கை என்று ஒன்றும் இல்லை சம்பந்தி, பிழிந்து போட்ட கைக்குட்டை மாதிரி நாலு சுருணைதான். வயிறு மட்டும் குண்டாக இருந்து, சுருங்கிச் சுருங்கி எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலையைக் கழற்றித் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அப்போது பூச்சியின் பின்பக்கத்திலிருந்து என் வெள்ளை பனியன்மேல் ஒரு சொட்டு விழுந்தது. சிவப்பு. இன்னொரு சொட்டு. அதுவும் சிவப்பு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாங்களோ அங்கே மார்பைப் பிளந்துகொண்டு கிடக்கிறீர்கள், தாங்கள் என்னிடம் ஒப்படைத்துப் போன ஜீவனோ இங்கே ரத்தம் கக்குகிறது. ஆனால் முப்பத்து நாலு வருஷ சர்வீஸ் எங்கே போகும்? கசிவு என்றால் முதலில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தொங்கினால் தண்ணீரெல்லாம் கீழ்ப்பக்கம் இறங்கி அழுத்தம் கூடும், ஆகவே மட்டமாகப் படுக்க வைக்க வேண்டும். மெதுவாக எடுத்து, சோப்பு டப்பாவைத் துடைத்து, பஞ்சு விரித்துப் படுக்க வைத்தேன். மட்டம் சரியா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. ஒரு தீக்குச்சியைச் சொருகிச் சரிசெய்தேன். எழுந்திருக்காமல் இருக்க டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்தேன். அது ஏறுவதற்குக் காலை உதைத்துக்கொண்டே இருந்தது. "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொட்டுவது நின்றது. கசிவை அடைத்துவிட்டேன் என்று அன்று மத்தியானம் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

சாயங்காலம் என் மகள் ஆபீசிலிருந்து வந்தாள். சோப்பு டப்பாவைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். "வெளியே வந்ததும் தொங்கும். தொங்கினால்தான் உடம்பில் இருக்கும் ரத்தத்தை இறக்கை நரம்புகளுக்குள் தள்ளி விரிக்க முடியும். விரிந்தபடியே காய்ந்து கெட்டியாகும். சிவப்பாகச் சொட்டும், அது ரத்தம் இல்லை, கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவு. இதற்கு ரத்தமே சிவப்பு கிடையாது. யாரும் தொடாதீர்கள். முக்கியமாகச் சம்பந்தி தொடாதீர்கள்."

"அப்பா, உங்களைக் குறிப்பிட்டே எழுதியிருக்காரு. இதைக்கூட படிக்க மாட்டீங்களா?"

"கண்ணாடி போடலம்மா."

"ரசமட்டம் பாக்க மட்டும் கண்ணாடி இருந்துச்சா?"

வடிகட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இறக்கை நாலும் சுருண்டபடியே காய்ந்து கெட்டியாகிவிட்டன. இனிமேல் விரியாது. என் சர்வீசில் ஒரு தெருவுக்குக்கூட நான் தண்ணீர் விடத் தவறியதில்லை. தண்ணீர் ஏற வேண்டிய ஒரே ஒரு மணி நேரத்தில், அதுவும் ஒரு விரற்கடை இறக்கைக்கு, நானே உட்கார்ந்து நிறுத்தி வைத்தேன். அன்று நான் சாப்பிடவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வளைத்து வந்தேன். தாங்கள் என்னைத் திட்டலாம். டாக்டர் திட்டலாம் என்று சொன்ன பிறகு திட்டவும்.

பறக்காத அந்தப் பூச்சியை வெளியே விட்டால் எறும்புக்குத்தான் போகும். ஆகவே வைத்துக்கொண்டேன். இருக்கும் இடத்தைவிட்டு நகர மாட்டார், எல்லாம் கைக்கு வர வேண்டும், தனக்குப் பிடிக்காததைக் கண்டால் மீசையை ஆட்டுவார், ஆகையால் எங்கள் பழைய சூப்பரின்டெண்ட் ஞாபகம் வந்து சூப்பரின்டெண்ட் என்றே பெயர் வைத்துவிட்டேன். காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர். பஞ்சில் கால்களை ஊன்றிப் பார்த்துத்தான் ருசி தெரிந்துகொள்கிறார். சர்க்கரை குறைந்தால் காலை எடுத்துவிடுகிறார். பிடித்துவிட்டால் சுருட்டி வைத்த குழாயை நீட்டிக் குடிக்கிறார். குடிக்கும்போது அசையவே மாட்டார். மற்ற நேரத்தில் என் தோளில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கீழ்வீட்டு டெய்லர் ஒரு நாள் மேலே வந்து இதைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பிப் போனார்.

மீதி நாலு கூடும் அடுத்த மூன்று நாளில் திறந்தன. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டேன். ஒன்று மட்டும் பெட்டியிலிருந்து நழுவிப் போய், அலமாரிக் கதவில் மாட்டியிருந்த மாப்பிள்ளையின் ஆபீஸ் சட்டையில் ஏறித் தொங்கியது. தொடக் கூடாது என்று சீட்டே சொல்கிறதே? தொடவில்லை. அது இறக்கையை விரித்துப் பறந்துபோன பிறகு, அவசரத்தில் மாப்பிள்ளை அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மீட்டிங்கில் இடப்பக்க மார்பில் சிவப்பாக மூன்று சொட்டைப் பார்த்த மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டாராம். அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்று லீவு வாங்கியவர் ஆயிற்றே, இவருக்கும் பரம்பரையாக ஏதோ கசிகிறது என்று பிடித்து உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி, விசிறி, காரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பட்டாம்பூச்சி சார்னு எத்தனை தடவ சொன்னேன் மாமா, தலைக்கு வேற அடிபட்டிருக்குன்னு நெனச்சுட்டாங்க" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு இரண்டு நாள் ஓய்வு கிடைத்ததில் எனக்கு சந்தோஷம்தான்.

இனி பந்தய விஷயம். சீட்டின் பின்பக்கத்தில், வயிற்றின் மேல்பக்கச் செதிலை நனைந்த தூரிகையால் மெல்லத் துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் இதயம் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். நேற்று முன்தினம் மாலை நாலு மணிக்கு சூப்பரின்டெண்ட் குடித்துக்கொண்டிருந்தபோது, அதேபடி செய்து, ஜன்னல் வெளிச்சத்தில் முழுசாக ஒரு மணி நேரம் பார்த்தேன். இதயம் முன்பக்கமாகவே ஓடுகிறது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆகவே பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஜன்னலோரக் கட்டிலில் நேற்றிலிருந்து நான்தான் படுக்கிறேன். காற்று பிரமாதம். தாங்கள் அங்கேயே தங்கப்போவதால் தங்களுக்கும் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. தங்கள் வேட்டி, புத்தகங்கள், செருப்பு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். எப்போது அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதவும். அவசரம் ஒன்றும் இல்லை.

தங்கள் மகளுக்கும் அவர் வீட்டாருக்கும் என் அன்பான விசாரிப்புகள். தங்கள் இதயம் ஒரே திசையில், நடுவில் நிற்காமல், கசிவு ஏதும் இன்றி நெடுங்காலம் ஓட வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

தங்கள் சம்பந்தி,
பம்ப் ஆப்பரேட்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் என் மகள் இதை வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, ஒரு இடத்துல புளுகியிருக்கீங்க" என்றாள். ஒரு இடம் இல்லை, மூன்று இடம்.

பூச்சியின் இதயம் முன்பக்கமாக ஓடியது. நாற்பது துடிப்பு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் நின்றுபோச்சு. செதிலைத் துடைக்கிறேன் பேர்வழி என்று இதையும் நானே முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன் சம்பந்தி, ஆஸ்பத்திரியில் அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது இருந்த அதே பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மறுபடி துடித்தது. இந்தத் தடவை முன்னாலிருந்து பின்னால். நிதானமாக, நல்ல தெளிவாக, பின்னால். நீங்க சொன்னது சத்தியம். புளுகினது நான்தான்.

உங்க கட்டில்ல நான் படுக்கவில்லை. என் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு அலமாரிக்கு அந்தப் பக்கம் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதுதான் தூக்கம் வராததற்குக் காரணம். சாமான்களையும் அடுக்கவில்லை. இரண்டு தடவை அடுக்கினேன், இரண்டு தடவையும் எடுத்து வைத்துவிட்டேன். படிக்கட்டில் மாடிக்கு இரண்டு வீதம் ஆறு நாற்காலி போட்டிருக்கிறேன், ஒன்பது படிக்கு ஒன்று, நானே கடைசி நாற்காலி வரைக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப் பார்த்துவிட்டேன், மூச்சு வாங்கவில்லை. வழியை அடைக்கிறது என்று டெய்லர் சண்டைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கடையிலிருந்து ஒரு தலையணை கொடுத்திருக்கிறார்.

அடுத்த வாரத்திலிருந்து காரில் போகலாம் என்று டாக்டர் சொன்னாராமே. சூப்பரின்டெண்ட் இன்னும் எட்டு நாள், பத்து நாள்தான் தாங்குவார் என்று உங்க புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதற்குள் வந்தால் நீங்களே உங்க கண்ணால் பார்க்கலாம். உங்க சீட்டை எடுத்து, ஜன்னலோரக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டேன். "யாரும் தொடாதீர்கள். முக்கியமாகச் சம்பந்தி தொடாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். தொடவில்லை. வாங்க.